சைலன்சரைப் பிரித்த காரணம்

வண்டியோடு வரும் சைலன்சரைப் பிரிக்கப் பெரிய வித்தையெல்லாம் வேண்டாம், ஐயா. ரம்பம், அரம், இரவல் வாங்கிய வெல்டிங் பெட்டி, இவ்வளவுதான். வீட்டிலேயே மின்விசிறியும் மிக்சியும் பழுது பார்த்துப் பிழைக்கிறவன் நான். புதிது வாங்க வக்கில்லாதவனுக்குக் கைதானே மூலதனம்.

பந்தாவுக்குச் செய்தேன் என்று அக்கம்பக்கத்தில் சொல்லியிருப்பார்கள். தலை நரைத்தவனுக்கு என்ன பந்தா? எல்லாம் அப்பாவுக்காகச் செய்தது.

வாதம் வந்து படுத்தபின் அப்பாவுக்கு மிச்சமிருந்தது ஒரு கையும் குரலும். "டேய் பெரியவனே" என்று ஆரம்பிப்பார். தண்ணீர் கொடுத்தால் போர்வை, போர்வை போர்த்தினால் முதுகுச் சொறி. பிறகு ஒன்றுமே இல்லாமல், "கொல்றானே, யாராவது வாங்களேன்" என்பார். மனைவி பிள்ளையைத் தூக்கிக்கொண்டு தாய்வீட்டுக்குப் போனவள்தான், திரும்பவில்லை. அக்கா போனில் அழுவாள். அழுகைக்குக் காசா பணமா. கொஞ்ச நாள் கூட்டிப்போ என்றால், "நீதானடா ஆம்பளைப் பிள்ளை" என்று வைத்துவிடுவாள்.

அந்த நல்ல கையை நான்தான் கட்டிலோடு கட்டினேன். கீழே விழுந்துவிடக் கூடாதே. வேறு வழி இருந்தால் நீங்களே சொல்லுங்கள்.

அப்பா கத்தினால் தெருக்காரர்கள் வீட்டுக்குள் வந்தார்கள். வண்டி கத்தினால் வாசலில் நின்று திட்டிவிட்டுப் போனார்கள். இதைக் கவனித்த பிறகுதான் ரம்பத்தை எடுத்தேன். ஊர் வாயை மூட உலைமூடி கிடையாது. அப்பாவின் வாய்க்கு ஒன்று செய்துவிடலாம் என்று பட்டது.

உள்ளிருந்த தடுப்புத் தகடுகளை வெட்டி எடுத்தேன். சத்தம் கீச்சென்று வந்தது. அதற்கு அடியில் அப்பா கத்துவது தெளிவாகக் கேட்டது. அவருக்கு அடித்தொண்டைக் குரல். குழாயை நீட்டி ஒட்டினேன், இரும்பு நாரைத் திணித்தேன், எடுத்தேன், மறுபடி திணித்தேன். ஒவ்வொரு முறையும் வண்டியை வாசல் நடையில் நிறுத்தி ஓடவிட்டுத் தெருவில் போய் நின்று கேட்டேன். கடைசியில் ஜன்னலில் அவர் வாயசைவது மட்டும் தெரிந்தது. நிம்மதியில் எனக்கு அழுகையே வந்துவிட்டது.

பக்கத்து வீட்டு டீச்சர் மட்டும் விடவில்லை. "ஏம்ப்பா, எனக்கே காது கிழியுது. உள்ள படுத்திருக்கிற மனுஷனுக்கு எப்படி இருக்கும்?"

"அவருக்குக் காது கேட்காதுங்க" என்றேன்.

"ஐயோ பாவம். நீயும் எவ்வளவுதான் தாங்குவ" என்றார் அவர். அந்த ஒரு வார்த்தையைக்கூட அக்கா சொன்னதில்லை.

அன்றைக்கு நான்தான் ரொட்டி ஊட்டினேன். அவசரமாக ஊட்டினேன் என்று வேண்டுமானால் சொல்லலாம். பழுதுக்கு வந்த மிக்சிகள் குவிந்து கிடந்தன. இருமல் வந்தது. இருமலுக்குப் பின்னால் கத்தல் வரும் என்பது எனக்கு அத்துப்படி. அதனால் எழுந்துபோய் வண்டியைக் கிளப்பி, முறுக்கிப் பிடித்துக்கொண்டு நின்றேன். கை மரத்ததும்தான் அணைத்தேன்.

வீடு அமைதியாக இருந்தது. அப்படியோர் அமைதியை அனுபவித்து எவ்வளவு காலமாயிற்று. தேநீர் போட்டு, ஆற அமரக் குடித்தேன். உள்ளே உடனே போகவில்லை. போனால் எழுப்பிவிடுவேனோ என்று பயம்.

நான் அவரைக் கொல்லவில்லை, ஐயா. அப்பா கூப்பிட்டது என் காதில் விழவே இல்லை என்று எழுதிக்கொள்ளுங்கள். வெறும் தண்ணீர்தானே கேட்டார்.