கொழுந்தன் கன்னத்தை வைத்துச் செய்த முகம்

ஜெய்த்தூன் பீவி, வயது 36, கணவர் பெயர் உசேன், பள்ளிவாசல் தெரு, உத்தமபாளையம், தேனி மாவட்டம். 1998ஆம் வருடம் ஆகஸ்டு மாதம், காவல் ஆய்வாளர் விசாரித்ததில் சொல்லும் வாக்குமூலம்.

நான் மேற்படி விலாசத்தில் என் இரண்டு ஆண் பிள்ளைகளுடன் குடியிருந்து வருகிறேன். என் கணவர் 1995இல் ஏலக்காய் வாங்கக் குமுளிக்குப் போனவர், இன்று வரை திரும்பவில்லை. கணவர் பெயருக்கு முன்னால் 'காலஞ்சென்ற' என்று போட வேண்டாம் என எழுத்தரிடம் நான்தான் சொன்னேன். அதன் பின்னர் 1997இல் என் மாமனார் மவுத்தாகி அடக்கமானார். தகப்பன் இருக்கும்போதே மகன் இறந்துவிட்டால், அந்த மகனுடைய பிள்ளைகளுக்குத் தாத்தா சொத்தில் பங்கு கிடையாது என்பது எங்கள் ஷரீஅத். ஆகவே என் கணவர் மாமனாருக்கு முன்னால் இறந்தாரா இல்லையா என்பதில்தான் என் பிள்ளைகளின் சோறு இருக்கிறது. இது என் கொழுந்தன் ராஜா முகம்மதுவுக்கும் நன்றாகத் தெரியும்.

இந்த வருடம் கோடையில் எங்கள் குடும்பத்துத் திராட்சைத் தோட்டத்துப் பழைய கிணற்றைத் தூர்வாரும்போது எலும்புகளும் ஒரு மண்டையோடும் கிடைத்தன. ஆள் இறந்து மூன்று வருடத்துக்குக் குறையாது என்று டாக்டர்கள் சொன்னார்கள். ராஜா முகம்மது கிணற்று மேட்டில் உட்கார்ந்து, அண்ணன்தான் கால் தவறி விழுந்திருக்கிறான் என்று அழுதார். சொந்தத் தகப்பன் ஜனாஸாவை அடக்கத்துக்குத் தூக்கும்போதுகூட அவர் கண் கலங்கி நான் பார்த்ததில்லை.

அதன் பின்னர் போலீசார் என் கணவரின் போட்டோ கேட்டார்கள். என் மாமனார் வீட்டில் யாரையும் படம் எடுக்க விடமாட்டார். இருந்தது வாக்காளர் அட்டை ஒன்றுதான், அந்தப் படத்தில் இருப்பது ஆணா பெண்ணா என்று சொல்வதே கஷ்டம். ஆகவே மண்டையோட்டின் அச்சு எடுத்து, அதன் மேல் களிமண் பூசி முகம் செய்ய ஏற்பாடானது. அதைச் செய்த டாக்டர் ஜெபா அவர்கள், நெற்றியிலும் கன்னத்திலும் தாடையிலும் சதை எவ்வளவு கனம் இருந்தது என்பது எலும்பில் தெரியாது, வேறு ஆட்களை அளந்த கணக்கை வைத்துத்தான் பூச வேண்டும் என்றார். உடனே ராஜா முகம்மது, "எனக்கும் அண்ணனுக்கும் ஒரே முகவாக்கு டாக்டரம்மா. என் கன்னத்த அளந்து வச்சுக்கங்க, தப்பு வராது" என்றார். ஸ்கேன் கருவியை அவர் முகத்தில் இடம் இடமாக வைத்து அளந்தார்கள்.

அதன் பின்னர் செய்த முகத்தைக் காட்டினார்கள். பார்க்க வந்த எங்கள் தெருக்காரர்கள் உசேனேதான் என்றார்கள். எனக்கும் முதலில் அப்படித்தான் தெரிந்தது. கிட்டப் போய்ப் பார்த்ததில் தாடைக்குக் கீழே சதை தொங்கியது. என் கணவர் டைபாய்டில் விழுந்து எழுந்ததிலிருந்து கன்னம் ஒட்டிப்போனவர். நான் டாக்டரிடம், "இது எங்க வீட்டுக்காரக இல்ல. எங்க கொழுந்தன் கன்னத்த யாருக்கு ஒட்டுனாலும் இப்படித்தான் இருக்கும்" என்றேன். ராஜா முகம்மது குறுக்கிட்டு, "மதினிக்கு மனசு ஒப்பல, பாவம்" என்றார். அவர் என்னைப் பாவம் என்றது எனக்கு எரிச்சலாக இருந்தது. மெலிந்த ஆட்களின் கணக்கில் இன்னொரு முகம் செய்து பார்க்கும்படி கேட்டேன். பிரேதங்களில் ஊசி குத்தி எடுத்த அளவுகள் தன்னிடம் இருப்பதாகவும், ஒரே ஆளின் அளவை நம்பியது சரியில்லை என்றும் டாக்டர் ஒப்புக்கொண்டார்.

அதன் பின்னர் நேற்று என்னை மறுபடி அழைத்தார்கள். தனியாகப் போகப் பயந்து, எங்கள் தோட்டத்தில் வேலை செய்யும் அய்யம்மாளைத் துணைக்குக் கூட்டிப் போனேன். கொழுந்தனிடம் சொல்லவில்லை. துணியை விலக்கியதும் பார்த்தேன். ஒடுங்கிய முகம், என் கணவர் இல்லை. எனக்கு வந்தது சந்தோஷம்தான். அல்ஹம்துலில்லாஹ் என்று சத்தமாகவே சொன்னேன்.

அய்யம்மாள் அந்த மண் தாடையில் கையை வைத்தாள். "ஆத்தா, இது எங்க வீட்டு ஆளாச்சே" என்றாள். அவள் கணவர் அம்மாவாசி எங்கள் தோட்டத்துக் காவல்காரர். அவரும் அதே 1995இல்தான் காணாமல் போனார். வேறு ஒருத்தியைக் கூட்டிக்கொண்டு கேரளாவுக்கு ஓடிவிட்டார் என்று அவளிடம் சொன்னவர் ராஜா முகம்மது. "மொதலாளி சொன்னாகன்னு மூணு வருசமா இவுகளுக்கு மண்ணள்ளித் தூத்துனேனே" என்று சொல்லி அங்கேயே உட்கார்ந்துவிட்டாள். நான் சற்று முன் சொன்ன வார்த்தை அந்த அறையிலேயே நிற்பது போல் எனக்குக் கூச்சமாக இருந்தது.

ராஜா முகம்மது தன் முகத்தை ஏன் அத்தனை ஆவலாக அளக்கக் கொடுத்தார் என்று விசாரிக்க வேண்டும். அய்யம்மாள் வெளியே பெஞ்சில் இருக்கிறாள். அவளிடமும் வாக்குமூலம் வாங்க வேண்டும். அவள் கணவர் பெயருக்கு முன்னால் என்ன போடுவது என்பதை எழுத்தர் அவளிடமே கேட்டு எழுதட்டும்.

மேலே எழுதியதைப் படித்துக் காட்டக் கேட்டேன். நான் சொன்னபடியே உள்ளது, கூட்டவும் இல்லை, குறைக்கவும் இல்லை.

(ஒப்பம்) ஜெய்த்தூன் பீவி