சுத்தியலை மட்டும் எடுக்காதீங்க

ஐயையோ, தட்டாதீங்க தம்பி, தட்டாதீங்க! முதல்ல சுத்தியலைக் கீழ வைங்க. அப்பாடா. எனக்கு உயிரே போயிட்டு வந்துச்சு. ஒண்ணுமில்ல, பக்கத்து வீட்டுல குழந்தை தூங்குது. முழிச்சுக்கிச்சுன்னா தெருவையே கூட்டிடும். டிரில்லா? அது தாராளமாப் போட்டுக்கோங்க. அந்தக் குழந்தைக்கு டிரில் சத்தம் பழகிடுச்சு. சுத்தியல்தான் ஆகாது. குழந்தைன்னா அப்படித்தான், அதுக்கெல்லாம் காரணம் கேட்டுட்டு இருப்பாங்களா?

ஆமா, தெரியும். துளை போடற எடத்துல ஆணியை வச்சு ஒரு தட்டு தட்டினாத்தான் டிரில் வழுக்காம நிக்கும். உங்க அப்பாவும் சொல்லியிருக்கார். ஆனா படிக்கட்டுக் கைப்பிடி எந்த எடத்துல வரணும்னே இன்னும் முடிவாகலையே. தூண்ல இருக்கற இந்தப் பென்சில் குறியிலயா? அதான் வேண்டாங்கறேன். ஒரு நாலு விரல் மேல போங்க.

அது உங்க அப்பா போட்ட குறிதான், நான் இல்லேங்கல. என்னை முதல் படியில நிக்க வச்சு, கையைத் தொங்க விடுங்க, இப்ப முழங்கையை மடக்குங்கன்னு டிரில் வாத்தியார் மாதிரி விரட்டி விரட்டித்தான் போட்டார். எனக்கே சிரிப்பா வந்துச்சு. காலம் பூரா நான் ஊர்ல இருக்கறவங்க கையை எல்லாம் அளந்துட்டு இருக்கேன், என் கையை ஒருத்தர் அளக்கறது அதான் முதல் தடவை. தையல்காரிக்கு யாரு அளவெடுக்கறா, சொல்லுங்க?

ஆனா அது அப்ப போட்ட குறி தம்பி. இப்ப வேற. நாலு விரல் மேல.

எனக்குத் தோளுக்கு வருமா? வந்தா வந்துட்டுப் போகுது. பஸ்ல மேல இருக்கற கம்பியைப் பிடிச்சுட்டு நிக்கறதில்லையா நானு? நீங்க குள்ளம்னு சொல்ல வந்து வாயை மூடிட்டீங்க பாருங்க, பார்த்துட்டேன். பரவால்ல, சொல்லிக்கோங்க. எனக்கே தெரிஞ்ச விஷயம்தான்.

மேல தூண்லயும் அதே அளவு ஏத்தணும்னு தெரியும். இல்லேன்னா கைப்பிடி ஒரு பக்கம் தூக்கிட்டு நிக்கும். ஒரு தோள்ல பட்டை ஏறின ரவிக்கை மாதிரி. அதெல்லாம் எனக்குச் சொல்லித் தர வேண்டாம். நீங்க இந்த அடித்தூண்ல சரியா வச்சுட்டீங்கன்னா மத்ததெல்லாம் அது பின்னாடியே வந்துடும்.

ஜன்னல்கிட்ட போகாதீங்க தம்பி! வெயில் கண்ணுல அடிக்கும். மேகமாவா இருக்கு? இருந்தா என்ன, அது திடீர்னு வந்து அடிக்கும். இப்படி இந்தப் பக்கம் திரும்பி நின்னு வேலை செய்ங்க. ம், அப்படித்தான்.

இந்தப் போல்ட்டுதானா அது? இங்க குடுங்க பார்ப்போம். ஓகோ, ஒரு முனை தூணுக்குள்ள போய்ப் பல்லைக் கடிச்சுக்கும், இன்னொரு முனை கைப்பிடிக்குள்ள. நட்டை எப்படி முறுக்குவீங்க, கை போகாதே? கைப்பிடிக்கு அடியில துளையா? அது வழியா முறுக்கிட்டு மரத்துண்டு வச்சு அடைச்சிடுவீங்க. நல்லாயிருக்கே! நாங்களும் நல்ல துணின்னா இப்படித்தான், வெளிய நூலே தெரியாம உள்பக்கமா தைப்போம். பார்க்கறவனுக்கு எப்படி ஒட்டிட்டு நிக்குதுன்னே புரியக்கூடாது.

பசையும் போடுவீங்கல்ல? போடுங்க, நிறையப் போடுங்க. கனமான ஆளு இதைப் பிடிச்சுத் திரும்பினாலும் அசையக்கூடாது. நான் கனமில்லதான். ஒரு பேச்சுக்குச் சொன்னேன். வீடுன்னா நாலு பேர் வரமாட்டாங்களா? கனமாவும் வருவாங்க, ஒல்லியாவும் வருவாங்க.

சட்டை நல்லாயிருக்கு தம்பி. எங்க எடுத்தீங்க? அப்பா குடுத்தாரா. தள்ளுபடியில ரெண்டு எடுத்தேன், ஒண்ணு உனக்குன்னாரா! பெரிய ஆளுதான் அவரு. தோள் சரியா உக்காந்திருக்கே. கையைத் தூக்குங்க, அக்குள்ல பிடிக்குதா? இல்லல்ல? எனக்கு அது ஒண்ணுதான் சந்தேகமா இருந்துச்சு. இல்ல, கடைச் சட்டைன்னா அங்கதான் பிடிக்கும், அதுக்காகச் சொன்னேன். நீங்க வேலையைப் பாருங்க.

உங்க அப்பா விழுந்த கதை உங்களுக்கு முழுசாத் தெரியுமா? வழுக்கி விழுந்தேன்னு மட்டும்தான் சொன்னாரா? சொல்ல மாட்டார், வெக்கம். நான் சொல்றேன் கேளுங்க. இந்தப் படியில கைப்பிடி கிடையாது. எங்க வீட்டுக்காரர் இருந்தப்பவே போடறேன் போடறேன்னு கீழ ஒண்ணு, மேல ஒண்ணுன்னு தூணை மட்டும் நட்டு வச்சுட்டு, அவரு போய்ச் சேர்ந்துட்டார். தூண் பாட்டுக்கு மொட்டையா நிக்குது, நான் கீழ்த்தூண்ல குடையை மாட்டிட்டு இருந்தேன். கீழ மெஷினு, மேல படுக்கை. ராத்திரி சுவத்தைத் தடவிட்டே ஏறுவேன். சரி, வயசாகுது, ஒரு கைப்பிடி போட்டுடலாம்னு உங்க தச்சுப் பட்டறையில வந்து சொன்னேன். நீங்க அப்ப வெளியூர் வேலைக்குப் போயிருந்தீங்க. உங்க அப்பா வந்தார். வந்தவரு முதல்ல இந்தக் குறியைப் போட்டுட்டு, காதுல பென்சிலும் கையில டேப்புமா பெரிய தோரணையா மேல ஏறினார். ஏறி, அளந்துட்டே பின்பக்கமா இறங்கினார். இறங்கும்போது என்னைப் பார்த்து, இந்த மாதிரிப் படியில கைப்பிடி இல்லாம இத்தனை வருஷம் எப்படிம்மா இருந்தீங்க, விழுந்தா என்ன ஆகறதுன்னார். சொல்லி வாயை மூடல, கடைசிப் படியை விட்டுட்டார்.

சிரிங்க, சிரிங்க. நானும் சிரிச்சேன். சிரிச்சுட்டேதான் தூக்கினேன். அவரும் வலியில முனகிட்டே சிரிக்கறார். கைப்பிடிக்கு அளவெடுக்க வந்தவர் கைப்பிடி இல்லாம விழுந்தார்னா யாருக்குத்தான் சிரிப்பு வராது? அப்புறம் கால் வீங்கினதைப் பார்த்துத்தான் பயந்து போய் வண்டி பிடிச்சேன்.

ஆஸ்பத்திரியில என்னை நீங்க பார்த்திருக்க மாட்டீங்க. நீங்க சாயங்காலம் வருவீங்க, நான் பகல்ல போவேன். என் வீட்டுப் படியில விழுந்த மனுஷன், எட்டிப் பார்க்காம இருந்தா நல்லாவா இருக்கும்? ஒரு சூப்பு வச்சு எடுத்துட்டுப் போனேன். உப்பு இல்லேன்னார். மறுநாள் உப்புப் போட்டு எடுத்துட்டுப் போனேன். அதிகம்னார். அதுக்காக மூணாம் நாளும் போக வேண்டியதாப் போச்சு. அப்படியே பழகிடுச்சு.

சாயங்காலம் நடக்கப் போறேன்னு கிளம்பறாரே, நடந்தாத்தான் கால் சரியாகும்னு டாக்டர் சொன்னார்னு. நீங்க கூட, அப்பா பரவால்ல, சொன்ன பேச்சைக் கேட்டு ஒழுங்கா நடக்கறாரேன்னு நினைச்சிருப்பீங்க. நடக்கறார்தான். இங்க வரைக்கும். வந்து அந்த நாற்காலியில உக்காந்து எனக்கு ஊசியில நூல் கோத்துக் குடுப்பார். எனக்குக் கண்ணு சரியாத் தெரியாது, அவருக்குக் காலு சரியில்ல. ரெண்டு பேரையும் சேர்த்தா ஒரு முழு ஆளு தேறும்.

அந்தச் சட்டை நான் தைச்சது தம்பி. காலரைத் திருப்பிப் பாருங்க, உள்ள நீல நூல் ஓடியிருக்கும். வெள்ளை நூல் தீர்ந்துடுச்சு அன்னிக்கு. உங்களை நான் பார்த்ததே கிடையாது அப்ப. அப்பா, என் அளவுதான் என் பையனுக்கும், தோளு, கை எல்லாம் அச்சுன்னார். நம்பி வெட்டிட்டேன். இன்னிக்கு நீங்க உள்ள நுழையும்போது நான் உங்க முகத்தைப் பார்க்கல, தோளைத்தான் பார்த்தேன்.

அதான் நாலு விரல் மேல வைங்கறேன். உங்களுக்குக் கை எங்க நிக்குதோ, அங்க. உங்க உசரம்தானே அவரும். கைப்பிடி உங்க அப்பாவுக்குத்தான் தம்பி. நாங்க கல்யாணம் பண்ணிக்கலாம்னு இருக்கோம்.

டிரில்லை நிறுத்துங்க, காத்துல ஓட்டிட்டு இருக்கீங்க.

உக்காருங்க. இல்ல, அந்தப் படியில வேணாம், அதுலதான் அவர் விழுந்தார். இப்படி மேல தள்ளி உக்காருங்க. தண்ணி குடிங்க.

அவரே ஏன் சொல்லலைன்னா, பயம். உங்களைப் பார்த்தா பயம்ங்கறார். உங்களுக்குக் கோபம் வந்தா சண்டை போட மாட்டீங்களாம், பேசாம ஒரு பலகையை எடுத்துப் போட்டு இழைக்க ஆரம்பிச்சிடுவீங்களாம். திட்டினாக் கூடத் தாங்கிக்கலாம், அந்த இழைப்புளிச் சத்தத்தைத் தாங்க முடியாதுன்னார். ஒரு நாள் சொல்லத்தான் பட்டறைக்கு வந்திருக்கார். நீங்க வாயில ஆணியைக் கவ்விட்டு நின்னீங்களாம். சரி, இப்ப சொன்னா முழுங்கிடுவான்னு திரும்பிட்டார். அப்பத்தான் நான் சொன்னேன், கைப்பிடி வேலையைப் பையன்கிட்டக் குடுத்து அனுப்புங்க, நான் பேசிக்கறேன்னு. நீங்க பாட்டுக்கு என்னமா இழைச்சு எடுத்துட்டு வந்திருக்கீங்க! யாருக்குன்னு தெரியாமலே உங்க அப்பாவுக்குச் செஞ்சிருக்கீங்க.

அம்மாவை மறந்துட்டாரான்னு கேக்கறீங்க. கேக்க வேண்டியதுதான். உங்க அம்மா படம் அவர் பர்ஸுல இருக்கு, அது அங்கயேதான் இருக்கும். எங்க வீட்டுக்காரர் படம் மேல சுவத்துல இருக்கு, அதுவும் அங்கயேதான். நான் யாரையும் எறக்கச் சொல்லல. பட்டறைக்கும் அவர் தினம் வருவார், உங்களைக் குறை சொல்லாம அவருக்குச் சோறு இறங்காது. ராத்திரி மட்டும் இங்க வந்துடுவார், அவ்வளவுதான்.

ஊரா? நாலு நாள் பேசும். அஞ்சாம் நாள் பேண்ட்டுக்கு நீளம் குறைக்கணும்னு என்கிட்டதானே வரணும்? சும்மாவா விட்டுடுவேன்!

இங்க பாருங்க தம்பி, விளையாட்டெல்லாம் ஒரு பக்கம். உங்களுக்குப் பிடிக்கலேன்னா செய்ய மாட்டோம்னு பேசி வச்சிருக்கோம். நீங்க இந்தப் பழைய குறியிலயே, என் உசரத்துக்கே மாட்டிட்டுப் போகலாம். நான் ஒத்தை ஆளா ஏறி இறங்கிப்பேன். உங்க மேல வருத்தப்பட மாட்டேன். ஆனா எனக்குக் கஷ்டமா இருக்கும், அதை மறைக்க மாட்டேன். பேச்சுத் துணை இல்லாம இருந்தப்ப தெரியல. இருந்துட்டு இல்லேன்னா தெரியும்.

குழந்தையா? எந்தக் குழந்தை? ஓ, அதுவா. பக்கத்து வீட்டுல குழந்தை கிடையாது. ஒரு ரிட்டயர் ஆனவரும் அவர் பூனையும்தான். சுத்தியல் அடையாளம் தம்பி. இப்ப ஜன்னல்ல போய்ப் பாருங்க, வெயில் ஒண்ணும் அடிக்காது. எதிர்த்தாப்ல டீக்கடை தெரியுதா? பெஞ்சோட ஓரத்துல, நீலச் சட்டை, உங்க அப்பாதான். காலையிலேருந்து டீயா குடிச்சுத் தள்ளிட்டு இருக்கார். சுத்தியல் சத்தம் கேட்டா வரணும், கேக்கலேன்னா பேசாம வீட்டுக்குப் போயிடணும்னு ஏற்பாடு. நீங்க பாட்டுக்கு வந்ததும் வராததுமா சுத்தியலைத் தூக்கிட்டீங்க! நான் பேச்சை ஆரம்பிக்கறதுக்குள்ள அவர் உள்ள வந்து நின்னிருந்தா மூணு பேரும் பேந்தப் பேந்த முழிச்சிருப்போம்.

என்ன தம்பி, எந்திரிச்சுட்டீங்க? கோபமா? ஏதாவது சொல்லிட்டுப் போங்க. போகலையா... எதுக்கு என் கையை மடக்கச் சொல்றீங்க? சரி, மடக்கறேன், இந்தாங்க. உங்க கையையும் பக்கத்துல வச்சு... அட, அப்பா போட்ட குறியை ஏன் அழிக்கறீங்க? நான் சொன்ன எடமும் இல்ல, அதுக்குக் கீழல்ல போடறீங்க? ரெண்டுக்கும் நடுவுல. அவரு கொஞ்சம் கையை இறக்கினா, நான் கொஞ்சம் தூக்கினா... எனக்கு இது தோணவே இல்ல பாருங்க. எத்தனை வருஷமா டேப்பைப் பிடிச்சு என்ன புண்ணியம்!

இருங்க, கண்ணைத் துடைச்சுக்கறேன். மரத்தூள் விழுந்துடுச்சு. இன்னும் துளையே போடல, தூள் எங்கேருந்து வந்துச்சுன்னு கேக்காதீங்க.

ஆணியா? இந்தாங்க. குறியில நேரா வச்சுட்டீங்களா? இப்ப எடுங்க சுத்தியலை. நல்லாத் தட்டுங்க தம்பி, அந்தப் பூனை வேணும்னா முழிச்சுக்கட்டும்.

ஆங். கேட்டுடுச்சு, கேட்டுடுச்சு, எந்திரிச்சுட்டார். கிளாஸை வச்சுட்டார். இந்த மனுஷனைப் பாருங்களேன், ஊணி நடக்கற கம்பைப் பெஞ்சிலயே விட்டுட்டு வர்றார்! வேகத்தைப் பாருங்க, கால் சரியில்லாத ஆளு நடக்கற நடையா இது? ஐயோ, வாசல்லயே மூணு படி இருக்கே. உள்ள வந்தாலும் பிடிக்க ஒண்ணும் இல்ல, துளை போட்டு, போல்ட்டு ஏத்தி, பசை காஞ்சு... அதெல்லாம் அப்புறம் பார்த்துக்கலாம், சுத்தியலைப் போட்டுட்டு ஓடுங்க தம்பி. இன்னிக்கு ஒரு நாள் நீங்க போய்க் கையைக் குடுங்க.