துணிக்கு விட்ட இடம்

டீ நன்றாக இருக்கிறது. உன் அம்மா போட்டால் சர்க்கரை தூக்கலாக இருக்கும். என் அளவு உனக்குத்தான் தெரியும். போன் அங்கேயே இருக்கட்டும், பதிவாகட்டும். இன்சூரன்ஸ் கம்பெனியில் பொய் சொல்லிப் பணம் கேட்பவர்களைக் கண்டுபிடிப்பதுதானே உன் வேலை. மாமன் என்பதற்காக முறையை மாற்ற வேண்டாம். கொஞ்சம் தள்ளி மட்டும் வை, மரத்தூள் உள்ளே போய்விடும்.

பதினோரு நாளாக உன் கல்யாணம் நின்று கிடக்கிறது. நீ கட்டிக்கொள்ளப்போகும் பல் டாக்டரின் அம்மா, நம் வீட்டிலிருந்து காக்டெயில் குலுக்கும் செம்பு ஷேக்கரைத் தூக்கிக்கொண்டு போய்விட்டதாக உன் அப்பா நம்புகிறார். அந்த அம்மா மோதிரத்தைத் திருப்பி அனுப்பிவிட்டார். அந்த ஷேக்கர் இன்று காலை என் பட்டறை அலமாரியில் உன் கண்ணில் பட்டது. எப்படி வந்தது என்று கேட்கிறாய். நியாயமான கேள்விதான். ஆனால் உன் அப்பாவின் சாமான்களுக்கு நான் செய்த ஸ்டாண்டிலிருந்து ஆரம்பிக்காவிட்டால் உனக்கு ஒன்றும் விளங்காது.

உன் அப்பா, அதுதான் என் அத்தான், தலைமையாசிரியர் வேலையிலிருந்து ஓய்வு பெற்று ஆறு மாதம் சும்மா இருந்தார். அதுவே பெரிய விஷயம். ஏழாவது மாதம் காக்டெயில் கலக்கக் கற்றுக்கொண்டார். சனிக்கிழமை சாயங்காலம் நாலு பேரைக் கூப்பிட்டு உட்கார வைத்து, முதலில் பாடம், பிறகுதான் பானம். எலுமிச்சை எங்கே விளைகிறது என்பதிலிருந்து தொடங்குவார். பாடம் முடிவதற்குள் ஐஸ் கரைந்துவிடும். நாங்கள் குடித்ததெல்லாம் புதினா வாசம் வீசும் தண்ணீர்தான். இருந்தும் கைதட்டினோம், பாவம் மனுஷன்.

அவருடைய சாமான்கள் ஏழு. ஷேக்கர், இரண்டு வாய் உள்ள அளவுக் கிண்ணம், வடிகட்டி, முறுக்குக் காம்பு போட்ட நீளக் கரண்டி, இலை நசுக்கும் எஃகுக் கட்டை, ஐஸ் இடுக்கி, பழத்தோல் சீவும் கத்தி. எல்லாம் சமையலறை இழுப்பறையில் கிடந்தன. அக்காவுக்கு அவை வேறு சாமான் என்ற நினைப்பே இல்லை. நசுக்கும் கட்டையால் பூண்டு தட்டினாள். நீளக் கரண்டியால் தொட்டிக் குழாயின் அடைப்பை எடுத்தாள். ஒரு சனிக்கிழமை அத்தானின் பழைய மேலதிகாரி ஒரு வாய் குடித்துவிட்டு, இதில் பூண்டு போடுவது எந்த நாட்டு முறை என்று மரியாதையாகக் கேட்டார். அத்தான் இரண்டு நாள் யாரோடும் பேசவில்லை. மூன்றாம் நாள் அக்கா மாடிப் பட்டறைக்கு என்னைத் தேடி வந்தாள்.

"அந்தச் சாமானுக்கெல்லாம் ஒரு இடம் பண்ணிக் குடுடா. இல்லேன்னா நான் உங்க அத்தானுக்கு வேற இடம் பார்க்கிறேன்."

என் தொழில் உனக்குத் தெரியும், இருந்தாலும் பதிவுக்காகச் சொல்கிறேன். நாற்பது வருஷமாகப் பெட்டி செய்கிறேன். ஆய்வுக்கூடத் தராசு, எடைகள், கண் டாக்டரின் கண்ணாடி வில்லைகள், இவை உட்காரும் மரப்பெட்டிகள். பொருளை அளந்து, குழி வெட்டி, உள்ளே வெல்வெட் ஒட்டிவிட்டால் பெட்டியைக் கவிழ்த்தாலும் பொருள் விழக்கூடாது. அந்த வெல்வெட்டுக்காகக் குழியைச் சுற்றிலும் இரண்டு மில்லிமீட்டர் சேர்த்து வெட்டுவோம். துணிக்கு இடம் என்று சொல்வோம். அதை யாரும் யோசித்துச் செய்வதில்லை, கை தானாகச் சேர்த்துக்கொள்ளும்.

ஸ்டாண்டுக்கு நல்ல தேக்குப் பலகை எடுத்தேன். மேல் தட்டில் ஏழு துளை, கீழ்த் தட்டில் தண்ணீர் ஓட ஒரு காடி. ஒவ்வொரு சாமானையும் வெர்னியரில் அளந்து, சீட்டில் எழுதி, அதன்மேலேயே ஒட்டினேன். துளையின் ஓரங்களை உப்புத்தாள் போட்டு, விரலை உள்ளே விட்டுச் சுற்றினால் ஒரு பிசிறு தட்டாதபடி தேய்த்தேன். ஈரச் சாமான் என்பதால் வெல்வெட் வேண்டாம், பூஞ்சை பிடிக்கும். மூன்று கை எண்ணெய் மட்டும் ஏற்றினேன். இரண்டு வாரம் ஆயிற்று. அத்தான் அதை வரவேற்பறையில் வைத்து, சொந்தச் சிலையைத் திறந்து வைப்பவர் மாதிரி மேலே போட்டிருந்த துண்டை எடுத்தார்.

ஷேக்கர் துளையில் மட்டும் கொஞ்சம் இடைவெளி இருந்தது. ஷேக்கரை வைத்தால் டொக்கென்று ஒரு சத்தம் வரும். தண்ணீர் வடிவதற்காக விட்ட இடம் என்று சொன்னேன். அத்தான் வந்தவர்களுக்கெல்லாம் அதைச் சொன்னார். போகப் போக அது சனிக்கிழமைப் பாடத்திலேயே சேர்ந்துவிட்டது.

உன் டாக்டர்மேல் எனக்கு எந்தக் கோபமும் கிடையாது. தங்கமான பையன். என் கடைவாய்ப் பல்லை எனக்கே தெரியாமல் பிடுங்கினவர். முதல்முதலாக நம் வீட்டுக்கு வந்த சனிக்கிழமை, அத்தான் ஷேக்கரை ஸ்டாண்டில் வைத்தார், டொக்கென்றது. டாக்டர் குனிந்து, ஷேக்கரைத் தூக்கிவிட்டு, சுண்டு விரலைத் துளையின் ஓரத்தில் விட்டு ஒரு சுற்றுச் சுற்றினார், சொத்தைப் பல்லைத் தடவுகிற மாதிரி. பிறகு நிமிர்ந்து என்னைப் பார்த்தார். தண்ணீர் வடிவதற்கு என்றேன். நல்ல யோசனை மாமா என்றார். அவ்வளவுதான்.

நீங்கள் மோதிரம் மாற்றிக்கொண்ட நாளன்று அவர் அத்தானுக்குப் பரிசு கொண்டுவந்தார். செம்பில் செய்த புது ஷேக்கர், உருண்டு திரண்டு, கனமாக. அத்தான் அதை ஸ்டாண்டில் வைத்தார். சத்தமே வரவில்லை. எல்லாரும் பார்த்தார்கள். "இப்பத்தான் மச்சான் இந்த ஸ்டாண்டு முழுசாச்சு" என்று அத்தான் என் முதுகில் தட்டினார். பழைய ஷேக்கர் அன்றே குளியலறைக்குப் போய்ப் பல் பிரஷ் வைக்கும் குவளையாகிவிட்டது.

இப்போது காரணத்துக்கு வருகிறேன். மற்ற ஆறும் வெள்ளை எஃகு. நடுவில் ஒன்று மட்டும் செம்பு. கண்ணை உறுத்தியது. நீங்களெல்லாம் வாசலில் போட்டோ எடுக்க நின்றபோது நான் அதை என் மேலங்கிக்குள் வைத்துக்கொண்டு பட்டறைக்கு வந்தேன். இரண்டு நாள் வைத்திருந்துவிட்டுத் திருப்பி வைப்பதாகத்தான் எண்ணம். எண்ணத்தில் குற்றம் சொல்ல முடியாது.

பட்டறையிலிருந்து திரும்பும்போது டாக்டரின் அம்மா ஜன்னலோரத்தில் அத்தானின் புதினாத் தொட்டிகளைப் பார்த்துக்கொண்டிருந்தார். ஐந்து தொட்டி. நல்லா வளர்ந்திருக்கே என்றார். எடுத்துக்குங்க என்று ஒன்றைச் செய்தித்தாளில் சுற்றி, யாரும் பார்ப்பதற்கு முன் அவர் பையில் வைத்துக் கொடுத்தேன். அத்தான் புதினா விஷயத்தில் கொஞ்சம் கஞ்சம், அதனால் சொல்ல வேண்டாம் என்றும் கேட்டுக்கொண்டேன். நிஜமாகவே அன்பாகத்தான் கொடுத்தேன். மறுநாள் காலை நர்சரிக்குப் போய் ஒரு தொட்டி வாங்கி வந்து காலி இடத்தில் வைத்தேன். ஐந்து இருந்த இடத்தில் நாலு இருந்தால் பார்க்க நன்றாக இருக்காது.

அன்று மத்தியானம் அத்தான் ஷேக்கரைத் தேட ஆரம்பித்தார். சோபாவைப் புரட்டினார், குப்பைக்கூடையைக் கொட்டினார், பக்கத்து வீட்டு நாயைக்கூட விடவில்லை. கடைசியில் என்னிடம் வந்தார். நான் பார்த்ததை மட்டும் சொன்னேன். அந்த அம்மாவின் பை வரும்போது தட்டையாக இருந்தது, போகும்போது உப்பியிருந்தது. இதில் ஒரு எழுத்துகூடப் பொய் கிடையாது. நான் யாரையும் திருடி என்று சொல்லவில்லை. சொல்லவும் மாட்டேன், பெரிய மனுஷி.

அக்கா எவ்வளவோ பக்குவமாகத்தான் போனில் கேட்டாள். தவறுதலாக உங்கள் சாமானோடு சேர்ந்து வந்துவிட்டதா என்றாள். அந்த அம்மா முதலில் சிரித்தார். பிறகு, பையில் இருந்தது புதினாத் தொட்டி, உங்கள் தம்பிதான் கொடுத்தார் என்றார். அத்தான் எழுந்துபோய் ஜன்னலோரத்தில் எண்ணினார். ஐந்தும் இருந்தன. போனை ஒலிபெருக்கியில் போட்டுவிட்டு என் பக்கம் திரும்பினார்.

"மச்சான், நீ அவங்களுக்குப் புதினாத் தொட்டி ஏதாவது குடுத்தியா?"

"எனக்கு ஞாபகமே இல்லையே அத்தான்."

மொத்தத்தில் நான் சொன்ன பொய் அது ஒன்றுதான். என் வயதுக்கு ஞாபகம் இல்லாமல் இருந்திருந்தாலும் ஆச்சரியமில்லை. மறுமுனையில் போனை வைத்துவிட்டார்கள். அந்த அம்மா அழுதாரா என்று எனக்குத் தெரியாது, போனில் அதெல்லாம் சரியாகக் கேட்காது. ஐந்தாம் நாள் மோதிரம் வந்தது. நீ அறைக் கதவைச் சாத்திக்கொண்டாய். மூன்று நாள் சரியாகச் சாப்பிடவில்லை என்று அக்கா சொன்னாள். எனக்கும் கஷ்டமாகத்தான் இருந்தது. அந்த மூன்று நாளும் ராப்பகலாக அந்தச் செம்பு ஷேக்கருக்கு இந்தப் பெட்டியைச் செய்தேன். சும்மா இருந்தால் மனசு அலைபாயும்.

நீ எப்படிக் கண்டுபிடித்தாய் என்பதை நினைத்தால் எனக்குப் பெருமையாக இருக்கிறது. டாக்டரின் புத்தகங்களைத் திருப்பிக் கொடுக்க நேற்று அவர்கள் வீட்டுக்குப் போனாய். சமையலறை மேடையில் புதினாத் தொட்டி இருந்தது. அது நர்சரியில் யார் வேண்டுமானாலும் வாங்கலாம். ஆனால் அடியில் ஒரு மரத்தட்டு இருந்தது. தொட்டி அதில் உட்கார்ந்தால் ஒரு தலைமுடி நுழையாது. அப்படித் தட்டுச் செய்கிறவன் உலகத்தில் எத்தனை பேர். அந்தத் தட்டோடு சேர்த்துக் கொடுத்தது என் தப்புத்தான். ஆனால் அது அந்தத் தொட்டிக்கென்று செய்தது; பிரித்துக் கொடுக்க எனக்கு மனசு வரவில்லை.

அவ்வளவுதான். நீ ஏன் இன்னும் என்னையே பார்க்கிறாய்.

"மாமா, செம்பு கண்ண உறுத்துச்சுன்னா அப்பாகிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். அதுக்காக யாரும் ஒரு பொண்ணு கல்யாணத்தக் கெடுக்க மாட்டாங்க. நெசத்தச் சொல்லுங்க."

சரி. குளியலறையிலிருந்து பழைய ஷேக்கரையும் கொண்டுவந்திருக்கிறாயா. பிரஷ்களை எங்கே வைத்தாய். என் வெர்னியரையும் எடுத்துவிட்டாய், நல்ல பிள்ளை, அதன் முனையைத் தரையில் இடிக்காதே. அளந்து பார். சொல்ல வேண்டாம், எனக்குத் தெரியும். பழையது எண்பத்தாறு. துளை தொண்ணூறு.

தண்ணீர் வடிவதற்காக விட்ட இடம் அல்ல அது. துணிக்கு விட்ட இடம். துணியே வைக்காத துளையில் துணிக்கு இடம் விட்டேன். ஆறு துளையில் நிதானமாக இருந்தவன், ஏழாவதில் என்ன நினைப்பில் இருந்தேனோ, கை பழக்கத்தில் வெட்டிவிட்டது. வைத்துப் பார்த்தபோது அந்த டொக் சத்தம் கேட்டதே, என் உடம்பெல்லாம் கூசிப்போயிற்று. பலகையை மாற்ற நேரமில்லை, மறுநாளே வேண்டும் என்று அக்கா கேட்டாள். வாயில் வந்ததைச் சொன்னேன். எல்லாரும் நம்பினீர்கள். உன் டாக்டர் ஒருத்தர் நம்பவில்லை.

நம்பாமல் சும்மா இருந்திருக்கலாம். அவர் விரலாலேயே துளையை அளந்திருக்கிறார், பல்லுக்கு மூடி செய்கிற கை இல்லையா. நாலு மாதம் கடை கடையாகத் தேடி, தொண்ணூறு மில்லிமீட்டரில் ஒரு ஷேக்கர் பிடித்திருக்கிறார். துளைக்குத் தகுந்த சாமான். நாற்பது வருஷத்தில் நான் சாமானுக்குத் தகுந்த துளைதான் வெட்டியிருக்கிறேன். அத்தான் என் முதுகில் தட்டிவிட்டுப் போனதும், டாக்டர் என் பக்கத்தில் வந்து நின்றார். என் தோளில் கை வைத்தார்.

"கவலப்படாதீங்க மாமா. யாருக்கும் தெரியாது."

எவ்வளவு அன்பாகச் சொன்னார் தெரியுமா. திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன். இந்த மனுஷன் மாப்பிள்ளையாக வந்து, சனிக்கிழமை சனிக்கிழமை அந்த ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, சாகும்வரை என்னைப் பார்த்து ஒன்றும் சொல்லாமல் சிரிப்பார் என்று நினைத்தேன். அதற்கு முன் அவரை எப்படியாவது வாசலுக்கு வெளியே நிறுத்திவிட வேண்டும் என்று தோன்றியது. நிறுத்தினேன். உன்னைப் பற்றி அப்போது நினைக்கவில்லை. நினைத்திருந்தாலும் செய்திருப்பேன் என்றுதான் நினைக்கிறேன்.

இந்தப் பெட்டியைத் திறந்து பார். ஷேக்கர் எப்படி உட்கார்ந்திருக்கிறது பார்த்தாயா. இதில் துணிக்கு விட்ட இடத்தில் துணி இருக்கிறது.

ஐந்து மணிக்கு அவர்கள் வீட்டுக்குப் போகலாம் என்கிறாய். வருகிறேன். நல்ல சட்டை ஒன்று போட்டுக்கொள்கிறேன். ஷேக்கரை எடுத்தவன் நான் என்று சொல்கிறேன். பையில் புதினாவை வைத்தது நான், வைத்துவிட்டு ஞாபகமில்லை என்றது நான், உங்களைத் திருடி ஆக்கியது நான் என்று அந்த அம்மாவின் காலைத் தொட்டுச் சொல்கிறேன். தெரு முழுக்கக் கேட்கும்படி சொல்லச் சொன்னாலும் சொல்கிறேன். கல்யாணம் நடக்கட்டும், நீ நன்றாக இரு.

ஆனால் போனில் கடைசியாகப் பதிவானதை மட்டும் அழித்துவிடு. செம்பு கண்ணை உறுத்தியது என்றே இருக்கட்டும். துளை விஷயம் வெளியே தெரிந்தால் நாலு பேர் என்னைப் பற்றி என்ன நினைப்பார்கள்.