கட்டைவிரல் நகம்

கபடி ஆடுகிறவர்கள் நகம் வளர்க்க மாட்டார்கள், மேடம். களத்தில் இறங்குமுன் நடுவர் எல்லார் கையையும் திருப்பிப் பார்ப்பார். ஆட்டத்தை விட்ட பிறகும் ஞாயிற்றுக்கிழமை தவறாமல் வெட்டிவிடுவேன்.

வைத்தியர் ராஜாராம் ஐயாவை ஸ்டேஷனுக்கு வெளியே பெஞ்சில் உட்கார வைத்திருக்கிறீர்கள். அவரை வீட்டுக்கு அனுப்பிவிடுங்கள். நாடி பார்ப்பார், விரலால் தொட்டு வைத்தியம் செய்வார், எண்ணெய் கொடுப்பார். அவ்வளவுதான் அவர்.

சாலவாக்கம் டீமில் வளர்மதி பாடிப் போகிற ரைடர், நான் கார்னர். கார்னரில் நிற்பவளுக்கு ஒரே வேலை. வந்த காலைப் பிடிக்க வேண்டும். பிடித்தால் விடக் கூடாது. ஆறு வருஷத்துக்கு முன்னால் ஒரு மேட்சில் வளர்மதிக்கு இடது முழங்கால் ஜவ்வு கிழிந்தது. ஆபரேஷன் என்றதும் பயந்துவிட்டாள். அன்றிலிருந்து அவளைக் குளிக்க வைத்தது, தோளில் சாய்த்து நடக்க வைத்தது எல்லாம் நான்தான். எனக்கு வந்த வரனைக்கூட வேண்டாமென்றேன். அதில் எனக்கு ஒரு குறையும் இல்லை.

போன வருஷம் உத்திரமேரூரில் ஐயாவிடம் கூட்டிப் போனதும் நான்தான். தினமும் காலையில் எண்ணெய் போட்டு நீவச் சொன்னார். நீவினேன். தை மாதம் குச்சி இல்லாமல் நடந்தாள். பங்குனியில் ஏரிக்கரையில் ஓடினாள்.

ஓடிவிட்டு மூச்சு வாங்க வந்து, "சுந்தரி, மெட்ராஸ்ல ஒரு ஸ்கூல்ல கோச்சா கூப்ட்டுகீறாங்கடி. ஹாஸ்டல்லயே ரூமாம். இனிமே நீ நிம்மதியா இரு" என்றாள்.

நிம்மதியாக இருக்கும்படி என்னிடம் சொன்னாள், மேடம்.

அந்த ஞாயிற்றுக்கிழமை கட்டைவிரல் நகத்தை மட்டும் வெட்டாமல் விட்டுவிட்டேன்.

"இன்னாடி, குத்துது?"

"நரம்பு எளகுது. பேசாம படு."

தோல் கொஞ்சம் கீறியது. மாட்டுக் கொட்டகையில் சாணி அள்ளிவிட்டுத்தான் தினமும் அவளிடம் போவேன். கை கழுவுவதை நிறுத்திவிட்டேன். கீறிய இடத்திலேயே நீவினேன். முழங்கால் வீங்கியது, காய்ச்சல் வந்தது. ஐயாவுக்குப் போன் போட்டு வலியைச் சொன்னேன், காய்ச்சலைச் சொன்னேன். புண்ணைச் சொல்லவில்லை.

"ஒடம்புல கீற கழிவு வெளிய வருதும்மா. நல்லதுதான். மாத்திர குடுத்து அமுக்கிடாத" என்றார். ஸ்பீக்கரில் போட்டு அவளையும் கேட்க வைத்தேன். அந்த நடுக்கத்திலும் சிரித்தாள். "அப்ப சீக்கிரமே ஓடுவேன்டி" என்றாள்.

அவள் அம்மா ராணியம்மாள்தான் அடங்கவில்லை. "இன்னாடி இந்த நாத்தம்? ஆஸ்பத்திரிக்கு இட்டுக்கினு போலாம், ஆட்டோ கூப்புடு."

"கத்தி வச்சிருவாங்க பெரிம்மா. கழிவு எறங்கற நேரம், கலைக்கக் கூடாது."

என் பேச்சை அந்த வீட்டில் யாரும் தட்டியதில்லை. வளர்மதிக்கு நினைவு தப்பியபோது நான் கொட்டகையில் இருந்தேன். பெரியம்மா ஆட்டோவை அழைத்துவிட்டார்.

காலை முழங்காலுக்கு மேலேயே எடுத்துவிட்டார்களாம். புண்ணில் நகத் தடம் இருந்ததாக டாக்டர் சொன்னார் என்கிறீர்கள். இருக்கும். என்னுடையதுதான். தெரிந்தேதான் செய்தேன். எழுதிக்கொள்ளுங்கள்.

ஒன்றே ஒன்று கேட்க வேண்டும். வார்டுக்குள் என்னை விடமாட்டேன் என்கிறார்கள். என் பேரைச் சொன்னாலே அவள் கத்துகிறாளாம். மயக்க மருந்தின் வேகமாக இருக்கும். மீதி இருக்கிற காலுக்கு நாள் தவறாமல் எண்ணெய் போட்டு நீவ வேண்டும். என்னை விட்டால் அவளுக்கு யார்?

நகத்தைக்கூட வெட்டிவிட்டேன், மேடம். பாருங்கள்.