வலது காலுக்கு எட்டு

இல்ல தம்பி, ஷூ எனக்கு இல்ல, என் வீட்டம்மாவுக்கு. ஆனா அளவு என் கால்லதான் பாக்கணும். சிரிக்காதீங்க. வலது காலுக்கு எட்டு, இடது காலுக்கு ஆறு. எட்டுன்னா என் அளவு, அதான் கால நீட்டிக்கிட்டு உக்காந்திருக்கேன். ஆறு நீங்களே பாத்து எடுங்க, அவ எப்பவும் போடறதுதான்.

வலது கால்ல கொஞ்சம் வீக்கம். கொஞ்சம்னா, கொஞ்ச நாளா என் செருப்பத்தான் அந்தக் கால்ல மாட்டிக்கிட்டுப் போறா. இடதுல அவ செருப்பு, வலதுல என் செருப்பு. தெருவுல பாக்கறவங்க என்ன நினைப்பாங்கன்னு கேட்டேன். பாதி வழிக்கு நீ துணைக்கு வர்றேன்னு நினைச்சுக்கட்டும்னா. அப்படித்தான் பேசுவா.

ஆமா, அந்த மாடல்தான். அடியில பல்லுப் பல்லா இருக்கே, அது. மலைக்கு அதுதான் நல்லதுன்னு படிச்சேன். ஈரப் பாறையில வழுக்காதாம். ஞாயித்துக்கிழமை போறோம், காலைல ஏறி, சாயங்காலத்துக்குள்ள இறங்கிரணும். அவ கால்ல இது கடிக்காம இருந்தாப் போதும் தம்பி, மத்ததெல்லாம் நான் பாத்துக்குவேன்.

கூட்டிட்டு வரலாம்தான். அவ வேலை செய்யற தையல் கூடத்துல கையில இருக்கற துணியெல்லாம் இந்த வாரத்துக்குள்ள முடிச்சுக் குடுத்துரணும்னு ஒரே பிடிவாதம். லீவு போடுன்னா கேக்க மாட்டேங்குறா. மிஷின வலது காலாலதான மிதிப்பாங்க? இப்ப இடது காலால மிதிச்சுப் பழகிக்கிட்டிருக்கா. மொதல்ல தையலெல்லாம் கோணிக்கிட்டுப் போச்சாம், பக்கத்து மிஷின்காரி குடிச்சுட்டு வந்தியான்னு கேட்டாளாம். நான் ஒரு நாள் போய் ஜன்னல் வழியா பாத்தேன். எழுத்துப் பழகற புள்ள மாதிரி நாக்கக் கடிச்சுக்கிட்டு, துணிய நகத்தி நகத்தித் தைக்கறா. கூப்பிடாமலே திரும்பிட்டேன்.

இந்தப் பைய ஏன் மடியிலயே வச்சிருக்கேன்னு பாக்கறீங்களா? இது மலைக்குக் கட்டின பை. ஷூ போட்டுப் பாக்கும்போது சொமையோட நடந்து பாக்கணுமில்ல, அதான் தூக்கிட்டு வந்தேன்.

அதக் கட்டின கதைய கேளுங்க. எனக்குத் தண்ணி ஏத்தற பம்ப் ரூம்ல நைட் டியூட்டி. இத்தனை வருஷமா சாயங்காலம் பைய எடுத்துக்கிட்டுக் கெளம்பறவனுக்கு வேற எப்படிக் கட்டத் தெரியும்? ரெண்டு டார்ச்சு, மஃப்ளர், ஃப்ளாஸ்க், சின்ன ரேடியோ, உக்கார ஒரு மெத்தை, கொசுவத்தி. எல்லாத்தையும் அடுக்கி ஜிப்ப இழுத்து மூடிட்டுப் பெருமையா நிக்கறேன். அவ ஒண்ணொண்ணா எடுத்துக் கட்டில் மேல வச்சா. பகல்ல போயிப் பகல்ல வர்ற எடத்துக்கு டார்ச்சு எதுக்கு, மலையக் காவல் காக்கவா போறோம்னு கேட்டா. கொசுவத்தியப் பாத்ததும் சிரிச்சுட்டா. கண்ணுல தண்ணி வர்ற அளவுக்குச் சிரிச்சா. ரொம்ப நாளாச்சு அவ அப்படிச் சிரிச்சு. அதனால அத மறுபடியும் உள்ள வச்சுட்டேன். இப்பவும் உள்ளதான் கெடக்கு.

அப்புறம் அவளே கட்டினா. தண்ணி, ரொட்டி, அவிச்ச முட்டை, தொப்பி, மழை வந்தாப் போத்திக்க ஒரு பிளாஸ்டிக் விரிப்பு. போதும்னுட்டா. சொமை கம்மியா இருந்தாத்தான் ஏற முடியும், இது கூடத் தெரியாதான்னு எனக்குப் பாடம் வேற.

அவளுக்குத் தெரியாம நான் சிலது சேத்திருக்கேன். மடக்கு ஸ்டூல் ஒண்ணு, வலி மாத்திரை, கட்டுப் போடற துணி. எல்லாத்துக்கும் அடியில ஒரு கெட்டிப் போர்வை. அது எதுக்கா? நடக்க முடியாமப் போனா அவளப் போர்வையில உக்கார வச்சு, ரெண்டு நுனியையும் நெஞ்சுல முடிச்சுப் போட்டு முதுகுல தூக்கிரலாம்னுதான். அவ வேலைக்குப் போனப்புறம் தலகாணியையும் அரிசி மூட்டையையும் வச்சுக் கட்டிப் பழகிப் பாத்தேன். மாடிப்படி பாதி ஏறல, கண்ணக் கட்டிருச்சு. அரிசியெல்லாம் படியில கொட்டிப் போச்சு. கூட்டி அள்ளி வச்சேன். ராத்திரி சோத்துல கல்லு கடிச்சது, அவ எடுத்துத் தட்டு ஓரமா வச்சுட்டுச் சாப்பிட்டா.

ஏன் மலைக்குன்னா என்ன சொல்றது. எங்க சமையல்கட்டு ஜன்னல்ல நிக்குது அது. பாத்திரம் கழுவற நேரமெல்லாம் அவ பாக்கறது அதத்தான். பக்கத்துல இருக்குன்னுதான் போகாமயே இருந்துட்டோம். அவ வேலைக்குப் போற நேரம் நான் தூங்கற நேரம். அன்னிக்கு ஆஸ்பத்திரியில இருந்து பஸ்ஸுல வர்றோம். எறங்கற எடம் வந்தப்போ, ஞாயித்துக்கிழமை மலைக்குப் போவோம்னா. சோப்பு தீந்து போச்சு, வாங்கிட்டுப் போவோம்கற மாதிரி சொன்னா. மேல நின்னு பாத்தா நம்ம ஜன்னல் தெரியுதான்னு பாக்கணுமாம். தெரியறதுக்காக ஒரு செகப்புத் துணியத் தச்சு வச்சிருக்கா, ஜன்னல் கம்பியில கட்டிட்டுக் கெளம்பப் போறா.

நான் என்ன செய்ய முடியும் சொல்லுங்க. டாக்டர் வேணாம்னு சொல்லிருவாருன்னு நம்பித்தான் அவருகிட்டப் போய்க் கேட்டேன். அவரு சொல்லிட்டா அவ கோவம் என் மேல வராதுல்ல. அவரு பேனாவ மூடி வச்சாரு. ஆசைப்படறாங்க, நடக்கட்டும், வலிக்கு மாத்திரை எழுதித் தர்றேன்னுட்டாரு. அவரு திட்டியிருந்தா நல்லாத் தூங்கியிருப்பேன் தம்பி.

மக வெளியூர்ல இருக்கா. ஃபோன்ல என்னயப் புடிச்சுக் கத்தறா. அம்மாவுக்குத்தான் புத்தி இல்ல, நீங்களாவது தடுக்கக் கூடாதாப்பான்னு. தடுக்கறதுக்கு அவ என்ன ஓடற மோட்டாரா, சுவிட்ச்ச அமுக்கி நிறுத்த? அதையேதான் சொன்னேன். அப்புறம் அந்தப் பக்கம் மூக்கு உறிஞ்சற சத்தம் கேட்டுச்சு. நானும் வைக்கல, அவளும் வைக்கல.

ம், எட்டு சரியா உக்காருது. கட்டுங்க, நல்லா இறுக்கியே கட்டுங்க.

தெரியும் தம்பி, அதையும் படிச்சேன். புது ஷூவோட மலை ஏறக் கூடாது, ரெண்டு வாரமாவது போட்டு நடந்து பழகணும். ரெண்டு வாரத்துக்கு நான் எங்க போவேன்? அடுத்த ஞாயித்துக்கிழமையும் முடியாது. இந்த ஒரு ஞாயித்துக்கிழமைதான் இருக்கு.

அதுக்கு ஒரு வழி யோசிச்சு வச்சிருக்கேன். வலது கால் ஷூவ நான் மாட்டிக்கிட்டு டியூட்டிக்குப் போறேன். ராத்திரியெல்லாம் மோட்டாரச் சுத்தி நடக்கறதும், குழாயத் தாண்டறதும், இரும்பு ஏணியில ஏறி இறங்கறதும்தான் என் வேலையே. ஞாயித்துக்கிழமைக்குள்ள தோலு நல்லா மசிஞ்சு குடுத்துரும். அவ கால் இப்ப என் கால் அளவுக்கு வந்திருக்கில்ல, அது ஒண்ணுதான் எனக்கு ஒத்தாசை. ஒரு கால்ல ஷூ, ஒரு கால்ல செருப்புன்னு போனா கூட வேலை பாக்கறவன் ஏதாவது சொல்லுவான். சொல்லிட்டுப் போறான். வீட்டுல ஏற்கெனவே ஒருத்தி அப்படித்தான போறா.

இடது ஆறு அவளே வீட்டுல போட்டு நடந்துக்குவா. அந்தக் காலுக்கு ஒண்ணும் இல்ல.

ஜோடியப் பிரிச்சுக் குடுக்க மாட்டீங்களா? புரியுது, மிச்சத்த வச்சுக்கிட்டு நீங்க என்ன பண்ணுவீங்க. முதலாளிகிட்டக் கேக்க வேணாம், பரவாயில்ல, ரெண்டு ஜோடியாவே போடுங்க.

அட, எனக்காக யோசிக்கறீங்களே, நல்லா இருப்பீங்க. வீக்கம் வத்தினப்புறம் ஆறு ஜோடிய அவங்களே போட்டுக்கலாமேன்னுதான சொல்றீங்க?

வத்தாது தம்பி. அது வீக்கம் இல்ல, கட்டி. அப்படியே விட்டு வச்சா மேல ஏறிருமாம். திங்கக்கிழமை காலைல அந்தக் கால முட்டிக்குக் கீழ எடுத்துடறாங்க.

நீங்க ஏன் எந்திரிச்சுட்டீங்க? உக்காருங்க. தெரியாமக் கேட்டதுக்கு நீங்க என்ன பண்ணுவீங்க. அந்த ஆறுல வலது மட்டும் பெட்டியில வைக்காதீங்க, நீங்களே வச்சுக்கோங்க. வீட்டுக்குக் கொண்டு போனா அவ கண்ணுல படும்.

எட்டையும் கழட்ட வேணாம், கால்லயே இருக்கட்டும், இப்படியே டியூட்டிக்குப் போயிடறேன். அந்தப் பைய கொஞ்சம் தூக்கி விடுங்க. வாசல் வரைக்கும் நடந்து பாக்கறேன்.

கடிக்குதுதான். குதிகால்ல நல்லாவே கடிக்குது. கடிக்கட்டும் தம்பி, கடிக்கறதெல்லாம் என் கால்லயே கடிச்சு முடிச்சிரட்டும்.