நடுவில் ஒரு காற்புள்ளி

காற்புள்ளி விஷயத்தில் நான் கொஞ்சம் கறார். நீங்கள் தட்டச்சு செய்கிற இந்த வாக்குமூலத்தின் முதல் வரியிலேயே இரண்டு இடத்தில் விட்டிருக்கிறீர்கள், இன்ஸ்பெக்டர். கோபித்துக்கொள்ளாதீர்கள். கண்ணில் பட்டால் சொல்லாமல் இருக்க முடிவதில்லை.

மருத்துவமனையின் கணினிப் பிரிவுக்கு நான்தான் தலைவன். நோயாளிகளின் விவரங்களை எல்லா வார்டிலும் திரையில் பார்க்க ஒரு செயலி வேண்டும் என்று நிர்வாகம் கேட்டது. அதற்கு அடித்தளமாக ஓர் உள்ளடக்க மேலாண்மைத் தளத்தைத் தேர்ந்தெடுத்தேன். செய்தி இணையதளங்கள் பலவும் ஓடுவது அந்த மாதிரித் தளத்தில்தான். யார் எதை எழுதினாலும் முதலில் வரைவாக நிற்கும். ஆசிரியர் 'வெளியிடு' பொத்தானை அழுத்தினால்தான் மற்றவர் பார்க்கலாம். அதுவரை பழைய பக்கமே தெரியும். அந்த ஆசிரியர் நான். ஆளாளுக்கு வாய்க்கு வந்ததை எழுதுகிற இடத்தில் அப்படி ஒருவன் வேண்டாமா?

மாப்பிள்ளைக்கு அது பிடிக்கவில்லை. என் தங்கையின் கணவனைச் சொல்கிறேன். அவள் கெஞ்சினாளே என்று நான்தான் அவனை நிரல் எழுதும் வேலையில் சேர்த்துவிட்டேன். நன்றி என்று ஒன்று இருக்கிறதே, அது அவனுக்குக் கிடையாது. கூட்டத்தில் எல்லோர் முன்னாலும் எழுந்து நின்றான்.

"மச்சான், இது கட்டுரை போடுறதுக்குச் செஞ்சது. இதுமேல ஆஸ்பத்திரிய ஏத்தாதீங்க. நீங்க காற்புள்ளி தேடி முடிக்கிறதுக்குள்ள பேஷண்ட் போய்ச் சேர்ந்துடுவாரு."

இயக்குநர் கண்ணில் நீர் வரச் சிரித்தார். அன்றிலிருந்து எனக்குப் பெயரே காற்புள்ளி. வாசல் காவலாளிகூட என் முதுகுக்குப் பின்னால் அப்படித்தான் சொன்னான்.

தளம் என் விருப்பப்படியே வந்தது. ஆனால் அவன் பேச்சுக்கும் இயக்குநர் தலையாட்டினார். மருந்து ஒவ்வாமைக் குறிப்புகள் மட்டும் என்னிடம் வராமல் நேராகத் திரைக்குப் போகும்படி, அவன் ஒரு சின்ன நிரலை எழுதி இணைத்தான். அதற்கே ஆளாளுக்கு அவனைத் தலையில் தூக்கி வைத்துக்கொண்டு ஆடினார்கள். எனக்கு வயிறு எரிந்தது. மறைக்க என்ன இருக்கிறது?

அந்த நிரலை நான் அணைத்துவிட்டேன். யாரிடமும் சொல்லவில்லை. யாருக்காவது உடம்பில் நாலு தடிப்பு வந்தால் போதும், அவன் முகத்தில் கரி பூசிவிடலாம் என்று காத்திருந்தேன். அதற்குப் பிறகு வந்த முதல் ஒவ்வாமைக் குறிப்பு என் தங்கையுடையது.

குடல்வால் அறுவை சிகிச்சைக்காகச் சேர்ந்திருந்தாள். சேர்க்கை எழுத்தர் வழக்கம்போல் 'ஒவ்வாமை இல்லை' என்று போட்டிருந்தார். அவள் சொன்னதைக் கேட்டு நர்ஸ் திருத்தியிருந்தார்: 'பென்சிலின் சல்ஃபா ஆகாது'. திருத்தம் வரைவாக என் முன்னால் வந்து நின்றது. கொஞ்ச நேரத்தில் நர்ஸ் தொலைபேசியில் வந்தார்.

"சார், உங்க தங்கச்சி விவரத்துல நான் மாத்தினது திரையில இன்னும் தெரியலையே?"

"ரெண்டு மருந்துக்கும் நடுவுல காற்புள்ளி இல்ல, சிஸ்டர். சரி பண்ணி அனுப்புங்க."

"டாக்டர்கிட்ட வாயால சொல்லிடட்டுமா?"

"வேண்டாம், குழம்பிடும். திரையில இருக்கிறதுதான் கணக்கு. நான் பார்த்துக்கறேன்."

மாப்பிள்ளை ஆபரேஷன் தியேட்டர் வாசலில் உட்கார்ந்திருந்தான். நர்ஸ் அவனிடமும் கேட்டிருக்கிறார். "எழுதிட்டீங்கல்ல? அது நேரா போயிடும், பயப்படாதீங்க" என்றானாம். தன் வேலைமேல் அவ்வளவு நம்பிக்கை. அதைக் கேள்விப்பட்டபோது எனக்கு எரிச்சல்தான் வந்தது.

திருத்திய வரைவு வந்தது. காற்புள்ளி இருந்தது. ஆனால் வரியின் முடிவில் முற்றுப்புள்ளி இல்லை. மறுபடியும் திருப்பி அனுப்பினேன். சொந்தத் தங்கை என்பதற்காக விதியை வளைத்தால் மற்ற நோயாளிகளுக்கு என்ன பதில் சொல்வது?

மயக்கத்தில் கிடந்தவளுக்கு மருத்துவர் திரையைப் பார்த்துவிட்டுத்தான் பென்சிலின் ஊசி போட்டார். அவர்மேல் தவறில்லை.

அவளுக்கு அந்த மருந்து ஆகாது என்று எனக்கு முன்பே தெரியுமா என்று கேட்டீர்கள். தெரியும். பள்ளிக்கூட நாளில் ஒரே ஊசியில் அவள் முகம் வீங்கி மூச்சுத் திணறியபோது, தோளில் போட்டுக்கொண்டு ஓடியவன் நான். வெறும் தடிப்போடு அது நிற்காது என்பதை அந்த மருத்துவமனையில் என்னைவிட நன்றாக அறிந்தவர் யாரும் இல்லை.

நீங்கள் முதலில் பிடித்துக்கொண்டு போனது மாப்பிள்ளையை. அவன் நிரல்தான் கைவிட்டது என்று எல்லோரும் நம்பினார்கள். அவனே நம்பினான். அந்த இரண்டு நாள் எனக்கு நன்றாகத் தூக்கம் வந்தது. சரி, எழுதிக்கொள்ளுங்கள். அணைத்தவன் நான். அழுத்தாமல் இருந்தவனும் நான். ஆனால் தளத்தை மட்டும் குறை சொல்லாதீர்கள், அது செய்ய வேண்டியதைச் செய்தது. அவள் இறந்த பிறகு மூன்றாவது வரைவு வந்தது. உடனே வெளியிட்டேன். இப்போது வேண்டுமானாலும் அவள் பக்கத்தைத் திறந்து பாருங்கள், ஒரு பிழைகூட இருக்காது.