ஃபெர்ராராவில் ஒரு பனி நாள்

— கூட்டத்தைக் காபி குடிக்க அனுப்பிட்டு, இந்த அகழிக்கரையில என்னை மட்டும் எதுக்கு நிக்க வெச்சே, எர்சிலியா? கேட்டதுக்குப் பதில் சொல்லு.

— இரு ஒரேஸ்தே. கழுத்துல தொங்கற இந்த மைக்கை முதல்ல அணைக்கறேன். இருபத்தேழு பேர் காதுல மாட்டின கருவியிலயும் காலையிலேர்ந்து நான்தானே பேசிக்கிட்டிருக்கேன்... ஆச்சு, அமுக்கிட்டேன். இனிமே நீயும் நானும்தான்.

— என்னத்தச் சொல்ல. பஸ் ஓட்ட வந்தவனை ஊரெல்லாம் நடக்க வெச்சுட்டே. கோட்டைப் பாலத்துல வரும்போது வாய்க்குள்ள என்னமோ முணுமுணுத்தியே, என்னது அது?

— ஜெபம்.

— பதினொண்ணு, பன்னெண்டு, பதிமூணுன்னு ஜெபம் சொல்ற ஆளை இப்பத்தான் பாக்கறேன், வாத்தியாரம்மா.

— கண்ணு போச்சுப்பா.

— என்னது?

— மொத்தமா இல்ல. எல்லாத்து மேலயும் பாலை ஊத்தின மாதிரி இருக்கு. கோடை முடிஞ்சதுலேர்ந்தே இப்படித்தான். டாக்டர் இனிமே திரும்பாதுன்னுட்டார். உன் மூஞ்சி எனக்கு ஒரு பெரிய பூசணிக்காயாத் தெரியுது.

— அது கண்ணு நல்லா இருக்கறவங்களுக்கும் அப்படித்தான் தெரியும்.

— சிரிக்க வைக்காதே. அழுதுடுவேன்.

— ஆபீஸ்ல சொன்னியா?

— சொன்னா நாளைக்கே வேற ஒருத்தி வந்து நிப்பா. முப்பத்தொரு வருஷமா இந்த ஊரைச் சுத்திக் காட்டித்தான் நான் நானா இருக்கேன். வீட்டுக்குள்ள உக்காந்தா ஒரு மாசம் தாங்க மாட்டேன். மூடுபனி இறங்கிட்டா ஃபெர்ராராவுல எல்லாரும் என்னை மாதிரிதான், ஒரேஸ்தே. யாருக்கும் ஒண்ணும் தெரியாது. எனக்கு மட்டும் அடியை எண்ணி எண்ணியே வழி தெரியும். அதுக்காகத்தான் நவம்பருக்கு மேல வர்ற கூட்டமாப் பாத்துக் கேட்டு வாங்கறேன்.

— சரி, திடீர்னு பனி விலகிட்டா?

— விலகினா அன்னியோட போதும். நானே போய் ஆபீஸ்ல சொல்லிடறேன். பனி இருக்கற வரைக்கும் விடு. அவ்வளவுதான் கேக்கறேன்.

— ...கையைக் குடு.

— வேண்டாம், பாத்துடுவாங்க.

— என் கை எங்க இருக்குன்னு எனக்கே தெரியல. இந்தப் பனியில யாரு பாக்கப்போறா?

— யாரும் பாக்கலன்னாலும் எனக்குப் பிடிக்காது. நீ ரெண்டடி முன்னால இருமிக்கிட்டே நட. அந்தச் சத்தத்தைப் பிடிச்சுக்கிட்டு வந்துடுவேன்.

— எர்சிலியாம்மா! எங்க இருக்கீங்க? நாங்க தயார். எங்க சர்ச் சாமியார்கூட காபியை முடிச்சுட்டாரு.

— இங்கதான் பல்மீராம்மா, உங்க கூட்டத்தைக் கூட்டிக்கிட்டு என் குரலைப் பிடிச்சுக்கிட்டே வாங்க. என்ன, தொண்டை கம்மிப்போயிருக்கு?

— ஒண்ணுமில்லம்மா. காபி ஒரே சூடு, நாக்கைச் சுட்டுக்கிட்டேன். மாதாவே, என்ன பனி, என்ன பனி! எங்க சவோனாவுல கடல் இருக்கு, இதெல்லாம் ஏது? நீங்க நடங்கம்மா, நாங்க பின்னாலயே வர்றோம். மெதுவாவே போங்க.

— இருங்க, மைக்கைப் போட்டுக்கறேன்... ஆச்சு. எல்லாரும் வாங்க. கண்ணால தேடாதீங்க, காலால கேளுங்க. இங்க உருண்டைக் கல்லு முடிஞ்சு பட்டைக் கல்லு வரும். அதுதான் பெரிய கோயிலுக்கு வந்துட்டோம்னு அர்த்தம்... வந்தாச்சு. இப்போ உங்க முன்னால வெள்ளையும் ரோஜா நிறமுமா ஒரு சுவர் நிக்குது. மேல மூணு முகடு, அக்கா தங்கச்சி மூணு பேர் தோளோட தோள் ஒட்டி நிக்கற மாதிரி. வாசல்ல கல்லுல ஒரு சிங்கம். அது முதுகுல ஒருத்தன் குந்திக்கிட்டுத் தூணைச் சுமக்கறான். எத்தனையோ நூறு வருஷமா இறக்கி வைக்கல. இன்னும் நாலடி. கையை நீட்டுங்க.

— தொட்டுட்டேன்மா! மாதாவே, பிடரியெல்லாம் வழவழன்னு இருக்கு. எத்தனை கை தடவிச்சோ!

— தடவுங்க, தடவுங்க. அது கோவிச்சுக்காது... ஒரேஸ்தே, இப்படி வா. மைக்கை அணைச்சுட்டேன். என்ன சுத்திச் சுத்தி கிளிக்கு கிளிக்குன்னு கேக்குது? பனியில என்னத்தப் போட்டோ எடுக்கறாங்க?

— பனியைத்தான். அவங்க ஊர்ல கிடையாதுன்னு பல்மீராம்மா இப்பத்தானே சொன்னாங்க.

— வலது கன்னத்துல கதகதன்னு இருக்கே?

— பக்கத்துல ஒருத்தன் கஷ்கொட்டை வறுக்கறான்.

— வாசனையைக் காணோமே.

— என்னத்தச் சொல்ல, இப்பத்தான் அடுப்பையே மூட்டியிருக்கான். சோம்பேறி.

— சைக்கிள் மணியும் கேக்கல. பனின்னா ஊரே மணியடிச்சுக்கிட்டுத்தானே ஓட்டும்?

— மணி ஒண்ணாகப் போவுது, எர்சிலியா. ஊரே வீட்டுல உக்காந்து பூசணி வெச்ச கப்பெல்லாச்சியை முழுங்கிக்கிட்டிருக்கும். நமக்குத்தான் கொடுப்பினை இல்ல.

— தீனிப் பண்டாரம். சரி, நட. மதில் மேல கூட்டிட்டுப் போய் முடிச்சுடலாம்.

— இருமணுமா?

— இருமு.

— ...தொண்டையே போச்சு. இதான் மதில். என் பஸ் கீழ நிக்குது.

— நல்ல வேளை, ஒரு அடிகூடத் தப்பா வைக்கல. பல்மீராம்மா, மைக்கை அணைச்சுட்டேன், மறைக்காம சொல்லுங்க. உங்க ஆளுங்களுக்கு ரொம்ப ஏமாத்தமா? அவ்வளவு தூரம் வந்து ஊரையே பாக்காமப் போறீங்க.

— ஏமாத்தமா? எங்க சாமியார் சிங்கத்தைத் தடவித் தடவி அழுதாரும்மா. இத்தனை ஊர் போயிருக்கோம். யாரும் எங்களை இப்படிக் கூட்டிட்டுப் போனதில்ல. ஆனா ஒண்ணு. அந்தப் பெட்டியை இப்படிக் குடுங்க.

— எதுக்கு?

— காலையிலேர்ந்து நீங்க அமுக்கறது அணைக்கற பொத்தான் இல்லம்மா. சத்தத்தைக் கூட்டற பொத்தான்.

— ...என்ன சொல்றீங்க?

— சிவப்பு விளக்கு அணையவே இல்ல. அகழிக்கரையில நீங்க பேசினது அத்தனையும் எங்க காதுல விழுந்துது. நீங்க அமுக்க அமுக்க இன்னும் நல்லாவே விழுந்துது. காபிக் கடையில ஒருத்தரும் கரண்டியைக்கூட ஆட்டல.

— ஒரேஸ்தே! உனக்கும் தெரியுமா?

— என்னத்தச் சொல்ல. இந்தம்மா என்னைப் பாத்து வாயில விரலை வெச்சாங்க. நானும் வாயை மூடிக்கிட்டேன்.

— இருபத்தேழு பேரும் தெரிஞ்சுதானா என் பின்னால நடந்தீங்க? அப்போ ஆபீசுக்கு...

— ஆபீசுக்கு நாங்க எதுக்குச் சொல்லணும்? பனி இருக்கற வரைக்கும்னுதானே நீங்க கேட்டீங்க?

— ஆமா. பனி விலகிட்டா நானே...

— பனி பன்னெண்டு மணிக்கே விலகிடுச்சும்மா. உங்க கன்னத்துல பட்டது வெயில். இவ்வளவு நேரமும் பனியை நாங்கதான் ஆளுக்கொரு பக்கமாப் பிடிச்சு வெச்சிருந்தோம்.